ஊழல் கூடினால் புகை கூடுமா, குறையுமா? (மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் சொல்லுங்க)

வாவிக்கரையான் (கல்லடி)

மகள் உயர்தரத்தில் பொருளியல் படிக்கிறாள். போன கிழமை ஓர் ஒப்படை கொண்டுவந்தாள். அரசாங்கத்தில் ஊழல் இருந்தால் அந்த நாட்டின் காபன் வெளியீடு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. இதில் என்ன இருக்கிறது, லஞ்சம் வாங்கினால் சட்டம் படுத்துவிடும், சட்டம் படுத்தால் புகை எழும்பும், ஒரு பக்கத்தில் எழுதி முடி என்றேன். இரண்டு நாள் கழித்து எங்கேயோ ஒரு கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டு வந்து என் வாயை அடைத்துவிட்டாள்.

2007இல் மத்தியூ கோல் என்ற பொருளியலாளர் 94 நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஊழல் நேரடியாக வெளியீட்டைக் கூட்டுகிறது. இது நாம் நினைப்பதுதான். ஆனால் அதே ஊழல் நாட்டின் வருமானத்தையும் தின்கிறது. முதலீடு வராது, வாகனம் வாங்க ஆள் இருக்காது, மின்சாரம் குறைவாகத்தான் செலவாகும். இப்படிச் சுற்றிக்கொண்டு வரும் விளைவு நேரடி விளைவை விடப் பெரிதாம். மிகப் பணக்கார நாடுகளை விட்டால், மற்ற இடங்களில் கூட்டிக் கழித்துப் பார்க்கும்போது ஊழல் வெளியீட்டைக் குறைக்கத்தான் செய்கிறது. "அப்போ அப்பா, லஞ்சம் வாங்குகிற ஆட்கள் பூமியைக் காப்பாற்றுகிறார்களா?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன்.

எண்களும் அவள் பக்கம்தான் நிற்கின்றன. ட்ரான்ஸ்பெரன்சி இன்டர்நேஷனலின் 2024ஆம் ஆண்டு ஊழல் சுட்டெண்ணில் (புள்ளி கூடினால் ஊழல் குறைவு) இலங்கைக்கு 100க்கு 32 புள்ளி, 180 நாடுகளில் 121ஆவது இடம். ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு 68. ஆனால் அங்கே தலைக்கு ஆண்டுக்கு 20 டன் அளவில் காபனீரொட்சைட்டு போகிறது, இங்கே சுமார் 1 டன். உலகச் சராசரியே நாலரை டன்னுக்கு மேல். புகையை மட்டும் பார்த்தால் நாம் நல்ல பிள்ளைகள்.

சரி, அப்படியென்றால் நம் வாவியும் ஆறும் காடும் ஏன் இப்படிக் கிடக்கின்றன? புத்தகக் கணக்கு வேண்டாம். உங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்க. ஆட்களின் பெயரும் அலுவலகப் பெயரும் போட வேண்டாம், இழையைப் பூட்டிவிடுவார்கள்.

படுவான்கரை மாமா

மகளிடம் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டை நினைக்கச் சொல்லுங்க. கியூ.ஆர். கோட்டைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340க்குப் போனது. படகெல்லாம் கரையில். அந்த வருடம் நாட்டின் புகைக் கணக்கு நன்றாகக் குறைந்திருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் பக்கம் காஸ் இல்லாத வீட்டுக்கெல்லாம் விறகு எங்கிருந்து வந்தது? அது எந்த பம்பிலும் மீட்டர் ஓடி வரவில்லை.

நடைக்கணக்கு

நான் ஏழு வருடம் டிப்பர் ஓடியவன். இப்போது விட்டுவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

மணல் எப்படிப் போகிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 100 கன அடி ஒரு கியூப். ஆற்றுக்குள் இறங்குவது மெசின் (உழவு இயந்திரம்), அது வெட்டியதை மேட்டில் கொட்டும், அங்கிருந்து டிப்பரில் ஏறும். இதற்குப் புவிச்சரிதவியல் பணியகத்தின் பெர்மிட் வேண்டும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. எந்த இடத்தில், எத்தனை கியூப், எந்த வாகனம், எந்தத் திகதி எல்லாம் கடதாசியில் இருக்கும். கடதாசியில் ஒரு குறையும் இல்லை.

ஊழல் என்றால் படத்தில் காட்டுவது போல சூட்கேஸ் மாறும் என்று நினைக்காதீங்க. எங்கள் தொழிலில் அது மிகச் சின்ன விஷயம். ஒரு பெர்மிட்டில் ஒரு நடைதான் போகலாம். விடிய ஒரு நடை போய்விட்டு, அதே கடதாசியை வைத்துக்கொண்டு மத்தியானம் இன்னொரு நடை. வழியில் நிற்பவர் கடதாசியைப் பார்ப்பார், நேரத்தைப் பார்க்க மாட்டார். பார்க்காமல் இருப்பதற்குத்தான் சந்தோசம். முதலாளி காலையிலேயே டீசல் காசோடு அதையும் எண்ணித் தந்துவிடுவார். ரோயல்டி (மணலுக்காக அரசுக்குக் கட்டும் காசு) ஒரு நடைக்குத்தான் போகும். ஆற்றில் இரண்டு நடை குறையும்.

இரண்டு மூன்று வருடத்தில் ஆறு தாழ்ந்துவிட்டது. கரை இடிந்து ஒரு ஆளின் தென்னை ஏழு சாய்ந்தது. கோடையில் உவர்த் தண்ணீர் முன்னர் வராத இடத்துக்கு ஏறி வருகிறது, கிணற்றில் வாய் வைக்க முடியாது. வேளாண்மைக்காரர் என்னைப் பார்த்துத்தான் ஏசினார்கள். சரிதான், லைட்டும் ஹோனும் என்னுடையதுதானே.

இதில் ஒரு பகிடி இருக்கிறது. 2019 டிசம்பரில் மணல், மண் ஏற்றிச் செல்லும் பெர்மிட்டே தேவையில்லை என்று அரசாங்கம் தூக்கிவிட்டது. பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள், அது வேறு கதை. இடையில் இருந்த அந்தக் காலத்தில் நான் ஒரு சதம் லஞ்சம் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. ஆற்றை மிக மோசமாகத் தோண்டியதும் அப்போதுதான். லஞ்சத்தை மட்டும் எண்ணுகிற ஆள் அந்த மாதங்களை நல்ல காலம் என்று எழுதியிருப்பார்.

வாவிக்கரையான்

அண்ணன், இந்தக் கடைசிப் பந்தியை மகளிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். பேனையை எடுத்துவிட்டாள். ஒரு கேள்வி: கொழும்புக்கு ஒரு நடைக்கு டீசல் எவ்வளவு?

நடைக்கணக்கு

போக 315 கிலோமீற்றர், வர அதே. லோடோடு, மலைப் பாதையில் ஏறினால் லீற்றருக்கு மூன்று கிலோமீற்றர் கிடைத்தால் பெரிய விஷயம். 200 லீற்றருக்கு மேல் வையுங்க.

வாவிக்கரையான்

ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு. அப்படியென்றால் ஒரு நடைக்கு அரை டன்னுக்கு மேல். ஓர் இலங்கையரின் அரை வருடப் புகை, ஒரு பெட்டி மணலுக்கு. மகளின் கணக்கு இது, பிழை இருந்தால் அவளைக் கேளுங்க.

ஆனால் ஒன்று. டீசல் பம்பில் அடித்ததால் அந்தப் புகை நாட்டுக் கணக்கில் விழுந்துவிடும். ஆறு தாழ்ந்ததும் கிணறு உவர்த்ததும் எந்தக் கணக்கில் விழும்?

ஒலுவில் காற்று

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் ஊர்க் கதையும் கேளுங்க.

ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டை உலகமே படத்தில் பார்த்தது. 2022 ஜனவரியில் வெளிநாட்டுச் செய்தியில் வந்தது, எட்டு வருடத்தில் சுமார் 20 யானை பிளாஸ்டிக் தின்று செத்ததென்று. பிரேதப் பரிசோதனையில் வயிற்றுக்குள் லஞ்ச்சீட்டும் (சோறு சுற்றும் பிளாஸ்டிக் தாள்) பொலித்தீனும். அதிலே எல்லாரும் தாண்டிப் போன ஒரு வரி இருக்கிறது. யானை உள்ளே வராமல் முன்பு மின்வேலி இருந்தது. 2014இல் இடி விழுந்து பழுதானது. பிறகு அதைத் திருத்தவே இல்லை.

இடி விழுந்தது அல்லாஹ்வின் நாட்டம். எட்டு வருடம் திருத்தாமல் விட்டது யாருடைய நாட்டம்? ஒரு வேலியைத் திருத்துவதில் கொமிஷன் கிடைக்காது, புது வேலி போட்டால்தான் கிடைக்கும் என்று எங்கள் வாப்பா சொல்லுவார். அவர் முப்பது வருடம் ஒப்பந்த வேலை செய்தவர். பராமரிப்புக்குத் திறப்பு விழா இல்லை, பலகையில் பெயர் இல்லை. பழுதானது பழுதாகவே கிடக்கும், பக்கத்தில் இன்னொன்று எழும்பும். நம் கரையோரம் முழுக்க இப்படிப் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை எண்ணிப் பாருங்க.

குப்பை பற்றி இன்னும் ஒன்று. திறந்த மேட்டில் சோற்றுக் குப்பையும் மீன் கழிவும் அடியில் அழுகினால் மெதேன் வரும். நூறு வருடக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைப் போல 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். வாவிக்கரையான் அண்ணன் சொன்ன 1 டன்னில் இது இல்லை, அது எரிபொருளும் சீமெந்தும் மட்டும். வேறு கணக்கில் மெதேன் வரும்தான், ஆனால் மேட்டில் யாரும் மீட்டர் வைத்திருக்கவில்லை. சனத்தொகையையும் குப்பையின் அளவையும் வைத்து மதிப்பிடுவார்கள்.

கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று குப்பைமலை சரிந்து 32 பேர் போனார்கள். அங்கேயும் முதல்நாள் வரை எல்லாம் கடதாசியில் சரியாகத்தான் இருந்திருக்கும்.

கணக்கன் (வந்தாறுமூலை)

கொஞ்சம் பொறுங்க. நல்ல இழை, ஆனால் ஒரு வழுக்கல் தெரிகிறது. கெட்டுப்போனது எல்லாவற்றுக்கும் ஊழல் என்று பெயர் வைக்கிறோம்.

கண்டல் காட்டை எடுங்க. 2004 சுனாமிக்குப் பிறகு நாடு முழுக்கக் கண்டல் நட்டார்கள். வெளிநாட்டுக் காசு, பாடசாலைப் பிள்ளைகள், பனியன், தொப்பி, படம். பிற்பாடு இலங்கை ஆய்வாளர்களே 23 இடங்களில் போய்ப் பார்த்து 2017இல் எழுதினார்கள்: 1000 முதல் 1200 ஹெக்டேயர் நட்டதில் தப்பியது 200 ஹெக்டேயர் அளவுதான். ஒன்பது இடத்தில் ஒரு கன்றுகூட இல்லை. காரணம் என்ன? பெரும்பாலும் பிழையான இனம், பிழையான இடம், நட்ட பிறகு ஆள் இல்லை. தண்ணீர் எப்போதும் நிற்கும் இடத்தில் கண்டலை ஊன்றினால் அது மூச்சு முட்டிச் சாகும். நம் வாவி மீனவர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. இது லஞ்சம் இல்லை, அறியாமை.

இன்னொன்று, 2021 இரசாயன உரத் தடை. சுற்றாடல் பெயரில்தான் வந்தது. அம்பாறை வட்டைகளில் மஞ்சள் பூத்த வேளாண்மையை மறக்க முடியுமா? மாற்று உரம் என்று சீனாவிலிருந்து வந்த கப்பலில் கெட்ட பக்டீரியா இருக்கிறது என்று நம் ஆய்வுகூடமே சொல்லி, இறக்காமல் விட்டு, கடைசியில் 2022 ஜனவரியில் 69 இலட்சம் டொலர் கொடுத்துத் தீர்த்தோம். உரம் ஒரு மூடைகூட வயலுக்கு வரவில்லை. இதை ஊழல் என்பதா, மடமை என்பதா? இரண்டையும் ஒரே சாக்கில் போட்டால் மகளின் ஒப்படைக்குப் புள்ளி குறையும்.

ஒலுவில் காற்று

கணக்கன் சேர் சொல்வது நியாயம். எங்கள் துறைமுகத்தையே பாருங்க. டென்மார்க் கடன். ஊழல் சுட்டெண்ணில் 90 புள்ளி எடுத்த நாடு. 2013இல் திறந்தார்கள். அலைதடுப்பு கட்டிய பிறகு வாயில் மணல் அடைத்தது, வடக்குப் பக்கம் கரை அரித்தது, தென்னையும் காணியும் கடலுக்குள் போனது. மீனவருக்குப் படகு கொண்டுபோக வழி இல்லை. இதிலே யாரும் காசு அடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கடலின் மணல் எந்தப் பக்கம் நகரும் என்பதை எங்கள் ஊர் ஆட்கள் முன்பே சொன்னார்கள், அதுவும் கடதாசியில் ஏறவில்லை.

படுவான்கரை மாமா

சேர், மடமையை ஏன் யாரும் தடுக்கவில்லை என்று கேளுங்க. மேலே இருப்பவரிடம் "இது பிழை" என்று சொன்னால் இடமாற்றம் வரும். பதவியே சிபாரிசில் வந்த ஆள் எப்படி வாய் திறப்பார்? உங்கள் இரண்டு சாக்கும் ஒரே வண்டியில்தான் வருகின்றன.

கணக்கன் (வந்தாறுமூலை)

ம். அதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

நொசில்

கராஜ்காரன் நான். நீண்ட நாள் வாசிக்க மட்டும் வருவேன், இன்று எழுத வேண்டியிருக்கிறது.

2008இலிருந்து வருடா வருடம் புகைப் பரிசோதனை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வரிப் பத்திரம் கிடையாது. நல்ல திட்டம். டீசல் வாகனத்துக்கு ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்துப் புகையின் கருமையை அளப்பார்கள். இயந்திரம் பொய் சொல்லாது. பொய் சொல்வது நாங்கள்.

பரிசோதனைக்கு முதல்நாள் பழைய லொறி, வேன் வரிசையாக வரும். இஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பில் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்குரூ ஒன்று இருக்கிறது. அதைக் குறைத்துவிட்டால் வண்டிக்கு இழுவை இருக்காது, புகையும் இருக்காது. பாஸ். அடுத்த நாள் திரும்ப வருவார்கள், பழையபடி கூட்டிவிடுவேன். வருடத்தில் ஒரே ஒரு நாள் சுத்தமான வண்டி, மிச்ச 364 நாள் கரிப்புகை. நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். இதில் ஓர் அதிகாரிக்கும் யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. எனக்குத்தான் கொடுத்தார்கள்.

சேர் சொன்ன சாக்குக் கணக்கில் என்னை எந்தச் சாக்கில் போடுவீங்க?

நடைக்கணக்கு

மச்சான், என் டிப்பரும் உங்களிடம்தான் வந்திருக்கும் போல.

வாவிக்கரையான்

நேற்று இரவு நானும் மகளும் இந்த இழையை மேலிருந்து கீழே திரும்ப வாசித்தோம். அவள் ஒன்று சொன்னாள், எனக்கு அது புதிதாக இருந்தது.

பெர்மிட்டில் ஒரு நடை, ஆற்றில் இரண்டு. சான்றிதழில் சுத்தமான வண்டி, வீதியில் கரி. கடதாசியில் வேலி, மேட்டில் யானை. நட்ட கன்றுக்குக் கணக்கு இருக்கிறது, செத்த கன்றுக்கு இல்லை. இந்தக் கடதாசிகள்தான் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) போய், அங்கிருந்து கொழும்புக்குப் போய், கடைசியில் ஏதோ ஓர் அட்டவணையில் ஓர் எண்ணாக உட்காருகின்றன. அந்த எண்ணை வைத்துத்தான் 94 நாட்டை ஒப்பிடுகிறார்கள். எரிபொருள் கணக்கு ஓரளவு நம்பலாம், கப்பலில் வந்து பம்பில் போகிறது. மற்றதெல்லாம்? ஊழல் புகையைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று அளக்கப் போகிறோம், ஆனால் அளவுகோலே அது தின்று மிச்சம் வைத்ததுதான் என்கிறாள்.

கோல் பிழை என்று நான் சொல்லவில்லை. அவர் எடுத்தது கந்தகவீரொட்சைட்டும் காபனீரொட்சைட்டும். இரண்டும் பெரும்பாலும் எரிபொருளோடு வருகிறவை. அதற்கு அவர் பதில் சரியாக இருக்கலாம். வாவிச் சேற்றுக்குள் கண்டல் சேர்த்து வைத்த காபனை வேரோடு கிண்டி இறால் பண்ணைக்குக் குளம் வெட்டினால், அது எந்த பம்பின் மீட்டரில் வரும்?

கணக்கன் (வந்தாறுமூலை)

மகளுக்கு என் பாராட்டு. ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்க. சட்டத்தை மீறுவது மட்டும் இல்லை, சட்டத்தையே வளைப்பதும் உண்டு. 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை, எங்கேயும் பதியப்படாமல் கிடந்த எஞ்சிய காடுகளை வன இலாகாவின் கீழ் வைத்தது. 2020இல் அதை நீக்கி, பயிர்ச்செய்கைக்குக் கொடுக்கும் அதிகாரத்தை மாவட்ட, பிரதேச செயலாளர் பக்கம் கொடுத்தார்கள். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை அப்படிப்பட்ட காடு எவ்வளவு என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அப்படிக் கொடுத்ததை வெட்டினால் குற்றம் இல்லை. குற்றம் இல்லையென்றால் ஊழல் சுட்டெண்ணில் ஏறவும் மாட்டாது. நடைக்கணக்கு தம்பி சொன்ன 2019 மணல் கதையும் இதே ரகம்தான்.

ஒலுவில் காற்று

இவ்வளவு பேசினோம். ஏதாவது செய்வோமா, அல்லது அடுத்த யானை விழும்வரை பார்த்துக்கொண்டிருப்போமா?

வாவிக்கரையான்

செய்யலாம் நானா. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் போடலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். தராவிட்டால் மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு. நீட்டி முழக்க வேண்டாம். ஓர் ஆற்றில் ஒரு துண்டு, ஒரு வருடம்: எத்தனை பெர்மிட், மொத்தம் எத்தனை கியூப், ரோயல்டி எவ்வளவு. அவ்வளவுதான். நடைக்கணக்கு அண்ணன், கடிதத்தை நான் எழுதுகிறேன், எந்தத் துண்டு என்று மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.

நடைக்கணக்கு

தனிமடலில் அனுப்புகிறேன். ஆனால் கடதாசிக் கணக்கு மட்டும் வந்தால் போதாது, ஆற்றடியில் நின்று எண்ண ஆள் வேண்டும். என் மருமகன் ஒருவன் சும்மா இருக்கிறான், இரண்டு கிழமை அவனை உட்கார வைக்கிறேன். மரத்துக்குக் கீழே இருந்து நடையை எண்ணுவது அவனுக்குப் பிடித்த வேலைதான். போன் மட்டும் சார்ஜ் இருக்க வேண்டும்.

படுவான்கரை மாமா

மனே, பெடியனைத் தனியே அனுப்ப வேண்டாம். இரண்டு பேராகப் போகச் சொல்லு. ஒரு தூண்டிலும் கொடுத்துவிடு, மீன் பிடிக்க வந்த மாதிரி இருக்கட்டும்.

ஒலுவில் காற்று

எங்கள் பக்கம் வேலிக்கு நான் போடுகிறேன். 2014இலிருந்து பராமரிப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று கேட்கப் போகிறேன். வாப்பாதான் வாசகம் சொல்லித் தருகிறார். "செலவு" என்று மட்டும் கேட்காதே, "கொடுப்பனவு வவுச்சர்" என்று கேள் என்கிறார். ஒப்பந்தக்காரர் மூளை.

நொசில்

வாவிக்கரையான் தம்பி, உங்கள் வேனின் புகைச் சான்றிதழ் எப்போது முடிகிறது?

வாவிக்கரையான்

அடுத்த மாதம். மகள் இந்த இழையை வாசித்த பிறகு என்னைப் பார்க்கும் பார்வையே சரியில்லை. ஸ்குரூவைத் தொடாமல் கொண்டுபோனால் பாஸ் ஆகுமா?

நொசில்

ஆகாது. போன வருடமே எனக்குத் தெரியும். இஞ்சினுக்குள் டீசல் பீச்சும் நாலு நொசிலையும் கழற்றிப் பார்க்க வேண்டும், எயார் ஃபில்டரும் மாற்ற வேண்டும். செலவைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்லலாம். சனிக்கிழமை காலையில் கொண்டு வாங்க, கூட்டம் வருவதற்கு முதல்.